உப்பு விலக்கிய நாற்பத்தொரு நாள்

நோர்வூட் கடைவீதி,
ஈஸ்வர வருஷம் ஆவணி மாதம் 31ஆம் தேதி, வியாழக்கிழமை.

பினாங்கில் மாமா கடையில் இருக்கும் மகன் நாகரத்தினத்தை அம்மா தனலெட்சுமி நெஞ்சார வாழ்த்திச் சொல்ல, தங்கை யோகேஸ்வரி எழுதிக்கொண்டது. அண்ணா, அங்கே நீங்களும் மாமா வீட்டாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா காலையும் மாலையும் விளக்கின் முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறாள். இங்கே எல்லோரும் சுகம் என்று எப்போதும் போல எழுதப் போனேன், சுகம்னு போடாதடி, உசுரோட இருக்கோம்னு போடு, அது போதும் என்று அம்மா தடுத்துவிட்டாள். ஆகையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

வழக்கமாக அப்பா கடைப் பலகையில் உட்கார்ந்து சொல்வார், நான் சாக்குப் படுதாவுக்கு உள்ளே இருந்து எழுதுவேன், கடைசியில் அப்பா தன் கையால் அழகையா என்று பெயர் மட்டும் போடுவார். இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. அவரும் கடையில் நிற்கும் முத்துலிங்கம் மாமாவும் கொழும்பிலிருந்து ரெயிலில் வந்த கருவாட்டு மூட்டைகளை எடுக்க ஹட்டனுக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதற்குள் எழுதித் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்துகிறாள். ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், நாலு வார்த்தை சொன்னதும் அழுகிறாள், பிறகு நீயே எழுதுடி, டாக்டர் சொன்னது உன் காதுலதான விழுந்துச்சு என்கிறாள். ஆகையால் அம்மா சொல்வதும் நான் சொல்வதும் இதில் கலந்துதான் வரும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை இன்னும் விடவில்லை, மூன்று வாரமாக வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை, மிளகாய் மூட்டைகளை அடுப்படிக்கு மேலே கட்டிவைத்திருக்கிறோம். வட்டவளைக்குக் கட்டிக்கொடுத்த மீனம்மா அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நீங்கள் சைக்கிளில் சரக்குக் கொண்டுபோவதாக எழுதியிருந்தீர்களே, வெயிலில் தலையில் துணி கட்டாமல் போகக் கூடாது என்று அம்மா எழுதச் சொன்னாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டுமாம். அங்கே மீன் ரொம்ப மலிவு என்று எழுதியிருந்ததைப் பற்றியும் அம்மா ஒன்று சொல்ல வேண்டும் என்றாள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அண்ணா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இது நேற்று வந்தது அல்ல, சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டது, உங்களுக்கு எழுத வேண்டாம் என்று அப்பா மறித்துவிட்டார். காலையில் எழுந்ததும் முகம் அதைத்துப் போயிருக்கும், கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கும், பிடரி வலிக்கிறது என்று சுவரில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஆற்றுப்பாலத்திலிருந்து கடை வரைக்கும் ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார், நிற்பது தெரியாமல் இருக்க யாரோடாவது பேச்சுக் கொடுப்பார். சாயங்காலம் காலை விரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி மேலே வர ஒரு வெற்றிலை மெல்லும் நேரமாகும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் முகம் வீங்கி மூச்சு வாங்கினவர்களுக்கெல்லாம் வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்று மருந்து கொடுத்துக் கொடுத்து, இங்கே யாருக்கு வீக்கம் வந்தாலும் பூச்சி என்றே சொல்லிவிடுகிறார்கள். அப்பாவும் அதையே நம்பி, தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவைத் தானே கேட்டு அந்தப் பூச்சி எண்ணெயை வாங்கிக் குடித்தார், மறுபடியும் ஆனி மாதம் ஒரு தடவை குடித்தார். பூச்சி ஒன்றும் விழவில்லை, பேதியாகி ஆள்தான் விழுந்தார். ஆனி முடிகிற சமயம் மூட்டை பிரிக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, ஒரு வேட்டி முழுக்க நனைந்த பிறகுதான் நின்றது. அதற்குப் பிறகுதான் முத்துலிங்கம் மாமா பிடிவாதமாக ஹட்டனுக்குக் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும், ஆகையால் துணைக்கு நான் போனேன். அந்த டாக்டர் சிங்களவர், தோட்டங்களில் வேலை பார்த்துப் பழகியதால் தமிழ் நன்றாகப் பேசினார். நான் உள்ளே போக வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அதனால் நான் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்பாவின் கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்கினார், ஒரு கண்ணாடிக் குழலில் பாதரசம் மேலே மேலே ஏறியது, அவர் இருநூற்றுப் பத்து என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவின் சிறுநீரை ஒரு குழாயில் ஊற்றி விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்து ஏதோ இரண்டு சொட்டு விட்டார். தெளிவாக இருந்தது முட்டையின் வெள்ளைக்கரு வெந்தது மாதிரி திரண்டு வெளுத்துவிட்டது. அப்பாவை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு முத்துலிங்கம் மாமாவிடம் அவர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். இதுக்கு ரத்தக் கொதிப்புன்னு பேர், ரத்தம் வேண்டியதுக்கு மேல வேகமா ஓடுது, உங்க லயத்துப் பீலியில தண்ணி ஓயாம வேகமா விழுந்தா கீழ இருக்கிற கல்லு குழி விழுதில்ல, அந்த மாதிரி சிறுநீரைப் பிரிக்கிற குண்டிக்காயை அது தின்னுக்கிட்டு வருது, நல்ல சத்தெல்லாம் சிறுநீர்ல போகுது, உப்பும் தண்ணியும் வெளிய போகாம உடம்புல தங்குது, அதுதான் வீக்கம். அவ்வளவு வேகத்துக்கு ரத்தத்தைத் தள்ளித் தள்ளி நெஞ்சும் பெருத்துப் போச்சு, மலையில வண்டி தள்ளுற ஆள் ஒரு நாள் கையை விட்டுடுவான் பாருங்க, அதுவும் அப்படிக் கையை விட்டுடும். நெஞ்சு முந்துமா, குண்டிக்காய் முந்துமா, தலையில ரத்தக்குழாய் வெடிக்குமான்னு என்னால சொல்ல முடியாது என்றார். மருந்து இல்லையா என்று மாமா கேட்டதற்கு, தூங்க வைக்க மருந்து இருக்கு, இதைக் குணப்படுத்த என் கையில மருந்து இல்லை, உப்பை விடணும், கருவாடு ஊறுகாய் அப்பளம் எல்லாத்தையும் விடணும், பாலும் சோறும் பழமும் சாப்பிட்டுச் சும்மா இருக்கணும், கோபம் ஆகாது, திடுக்கிடக் கூடாது, உப்பை விட்டா சில வருஷம் இருக்கலாம், விடலைன்னா அடுத்த சித்திரைக்கு நான் பொறுப்பில்லை என்றார். பிறகு குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். லிந்துலையில் மயில்வாகனம் பெரியப்பா தராசைப் பிடித்தபடியே வாய் கோணி விழுந்து இறந்தாரே, காற்று அடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோமே, அதை மாமா சொன்னதும் டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

அண்ணா, கருவாட்டுக் கடைக்காரரிடம் போய் உப்பை விடு என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா. ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து ஒரு சிம்பு கிள்ளி நாக்கில் வைத்தால்தான் அது வெயிலில் காய்ந்ததா, கெட்டதை மறைக்க இரண்டாவது தடவை உப்புப் போட்டதா என்று அப்பாவுக்குத் தெரியும், இருபது வருஷமாக அந்த நாக்கை நம்பித்தான் இந்தக் கடை. அம்மா முதல் நாள் உப்பில்லாமல் பருப்பும் கீரையும் வைத்தாள். ஒரு கவளம் வாயில் வைத்தார், தட்டைத் தள்ளிவிட்டார். உப்பில்லாம செத்தவனுக்குத்தாண்டி படைப்பாங்க, நான் இன்னும் சாகலை, சாகுறதா இருந்தா ருசியாத் தின்னுட்டுச் சாகுறேன் என்று கத்தினார், கத்தினதில் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, எனக்கு டாக்டர் சொன்ன வெடிக்கிற குழாய்தான் ஞாபகம் வந்தது. அம்மா தெரியாமல் உப்பைக் குறைத்துப் பார்த்தாள், அவர் எழுந்து போய்க் கடையிலிருந்து ஒரு கைப்பிடி நெத்தலி எடுத்துவந்து கடித்துக்கொண்டார். மாரியம்மாள் கனவில் வந்து உப்பை விலக்கச் சொன்னாள் என்று சொல்லிப் பார்த்தாள், உனக்குத்தான் வாரத்துக்கு ஒரு கனவு வருதே என்று சிரித்துவிட்டார். தன் உயிருக்காக அவர் விடமாட்டார் என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

இனிமேல் எழுதப் போவதை எழுத இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். அம்மாவும் எழுது எழுது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆடி வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள், நாங்களும் போயிருந்தோம். போவதற்கு முந்தின நாளே அம்மா என்னை அடுப்படியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். உடுக்கு அடிக்கும்போது நீ ஆடணும், உங்க அப்பா உன்னை நம்புவாரு, ஏன்னா நாலு பேரு முன்னால வாயே திறக்காதவ நீ, நீ பேசினா அது சாமியாத்தான் இருக்கும் என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். உன் மகனுக்குக் கண்டம் இருக்கு, அவன் திரும்பி வந்து என் வாசலை மிதிக்கிற வரைக்கும் உன் வீட்டு உலையில உப்பு விழக் கூடாது, இதுதான் அந்த வார்த்தை. அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள், கடல் கடந்து இருக்கிற உங்கள் பேரில் இப்படிச் சொன்னோம். வேறு யாருக்காகவும் அப்பா உப்பை விடமாட்டார் என்றுதான் சொன்னோம்.

கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்லக்கூட எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். உடுக்குச் சத்தம் கிட்டத்தில் வந்ததும் அம்மா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். நான் ஆட ஆரம்பித்தேன், ஆரம்பித்தது நான்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும். கூந்தல் அவிழ்ந்தது, யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள், பூசாரி சிவசாமி, யாரு தாயே நீ வந்திருக்கேன்னு சொல்லு என்று கேட்டார். அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். ஆனால் திரும்பி வந்து வாசலை மிதிக்கிற வரைக்கும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஒரு மண்டலம் என்று சொல்லிவிட்டேன். எல்லா நேர்த்திக்கும் எல்லோரும் மண்டலம் என்று சொல்லிக் கேட்டுக் கேட்டு அது வாயில் வந்துவிட்டதா, பயத்தில் உளறினேனா, எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு நாள் என்று பூசாரி உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டார், சொன்னதை யார் மாற்ற முடியும். அப்புறம் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தாயே, எம் புள்ளையைக் காப்பாத்து, உப்பு என்ன தாயே உப்பு, சோத்தையே விடுறேன் என்று சொல்லி என் காலில் விழுந்தார். அப்பா என் காலில் விழுந்தார் அண்ணா. மூச்சு வாங்கிக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமையிலிருந்து வீட்டில் உப்பு இல்லை. அப்பா கதவுக்கு உள்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் தினம் ஒரு கோடு போடுகிறார், இன்றோடு நாற்பத்தொன்று. அம்மா எலுமிச்சம்பழமும் சீரகமும் மிளகும் போட்டு என்னென்னவோ செய்து பார்க்கிறாள், எங்கள் மூன்று பேருக்கும் அதே சாப்பாடுதான். முதல் வாரம் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கருவாட்டை நாக்கில் வைப்பதில்லை, முத்துலிங்கம் மாமாவைக் கடிக்கச் சொல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், என்னாப்பா எரியுதா கைக்குதா, உம்மூஞ்சி போற போக்கைப் பாத்தா மூட்டையைத் திருப்பி அனுப்பணும் போல இருக்கே என்பார். இரண்டு வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது, இறுகிப்போயிருந்த மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. பாலத்திலிருந்து ஒரே தரம் நின்று ஏறிவிட்டார். முப்பதாம் நாள் முத்துலிங்கம் மாமா பழங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார், பாதரசம் நூற்று எண்பதில் நின்றது. குழாயில் வெள்ளை இன்னும் இருந்தது, ஆனால் முன்னைப் போலத் திரளவில்லை. டாக்டர் ஆச்சரியப்பட்டு, யார் இவரை வழிக்குக் கொண்டுவந்தது, இதை உயிர் உள்ள வரைக்கும் விடக் கூடாது, மறுபடி உப்பில் விழுந்தால் இந்தப் பெருத்த நெஞ்சு ஒரு மாதம் தாங்காது என்று மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

இந்தச் சந்தோஷத்தில் எனக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். அன்றிலிருந்து லயத்துப் பெண்கள் என்னைத் தேடிக் கடைக்கு வருகிறார்கள். வேலாயி அக்காவின் ஆடு காணாமல் போய்விட்டது, பாப்பா ஒரே வார்த்தை, தோட்டத்துல மேல்கணக்குப் பக்கமா கீழ்க்கணக்குப் பக்கமா, சொல்லிடு தாயி என்று படுதாவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், நெடியில் தும்மிவிட்டேன். சாமி உத்தரவு கொடுத்திருச்சு என்று போய்விட்டாள், மறுநாள் ஆடு தானாக வந்துசேர்ந்தது, இப்போது என் தும்மலுக்கும் பேர். அந்தக் காளியாயி இருக்கிறாளே, கடைக்காரம்மா, உம் மகளுக்கு இனிமே மாப்பிள்ளை தேட வேணாம், வேப்பமரத்துக்கே கட்டிக் குடுத்துரு என்று கடைவீதியில் எல்லோரும் கேட்கச் சொன்னாள், அம்மா உள்ளே வந்து அழுதாள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா என்னை இப்போது ஏ கழுதை என்று கூப்பிடுவதில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்வதில்லை, தானே எழுந்து போய் மொண்டு குடிக்கிறார், நான் உள்ளே வந்தால் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்கிறார். தாயி என்கிறார். எனக்கு அப்பா இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறது.

இப்படி இருக்கும்போது போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. இடையில் காய்ச்சல் கண்டு எட்டு நாள் படுத்திருந்தேன், மாமா ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தார், இப்போது பூரண குணம் என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் அதை அப்பாவுக்கு வாசித்தேன். காய்ச்சல் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசித்தேன். அப்பா கடையை விட்டு எழுந்து நடுத்தெருவில் நின்று கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். சாமி சொன்னது பலிச்சிருச்சு, கண்டமும் வந்துச்சு, எம் புள்ளை தப்பியும் பிழைச்சான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றைக்கே வந்த மூட்டையில் ஒரு முழு அறக்குளாக் கருவாடு, கை நீளத்துக்கு இருந்தது, அதை எடுத்து உறியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். நாற்பத்தெட்டாம் நாள் காலையில் கோவிலில் பொங்கல், மத்தியானம் கடைவீதி ஆட்களோடு வீட்டில் சாப்பாடு, அந்தக் கருவாட்டில் கத்திரிக்காயும் வாழைக்காயும் போட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது அடுத்த வியாழக்கிழமை, புரட்டாசி ஏழு. புரட்டாசி மாசமாச்சே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், சனிக்கிழமைக்குத்தானடி ஆகாது, இது வியாழக்கிழமை என்கிறார். நேற்றுக்கூட உறியை அண்ணாந்து பார்த்து, எட்டு நாள் பொறு என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று அப்பா அப்படிச் சிரித்து.

அம்மா உங்களிடம் கேட்பது இதுதான். உனக்கு இன்னும் உடம்பு தேறவில்லை, கண்டம் தீரவில்லை என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது என்றாள். எழுதினேன். ஐயோ வேணாம்டி, எம் புள்ளை கையாலேயே அதை எழுத வைக்கிறதா, ஒரு தடவை சொன்னதுக்கே காய்ச்சல் வந்துச்சே, அடிச்சிரு என்றாள். அடித்தேன். பிறகு ஆட்டுக்கல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்து, அப்ப உங்க அப்பாவுக்கு என்ன வழி, எழுது என்றாள். மறுபடியும் அடிக்கச் சொன்னாள். இந்தப் பக்கத்தில் மசி அப்பியிருக்கிற இரண்டு வரியும் அதுதான், பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசியில், அவனுக்கே தெரியும், அவன் மனசுல மாரியம்மா என்ன நினைக்க வைக்கிறாளோ அதை எழுதட்டும் என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை பொங்கலின்போது நான் இன்னொரு தடவை ஆட வேண்டும், இந்தத் தடவை உயிர் உள்ள வரைக்கும் என்று பிசகாமல் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். அதை உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

அம்மா சொல்லும் மற்றது. நீ அங்கே உப்புக் கண்டமும் கருவாடும் குறைத்துச் சாப்பிடு, மலிவு என்று அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. பெரியப்பாவுக்கு வந்தது, அப்பாவுக்கு வந்திருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல டாக்டரிடம் போய்க் கையில் பட்டை கட்டிப் பார்த்துக்கொள், எவ்வளவு என்று எழுது, மறக்காதே. மாமாவிடம் குரல் உயர்த்தாதே. தலைமாட்டில் திருநீறு வைத்துக்கொண்டு படு. நீ நூறு வயது இருந்து, பேரன் பேத்தி எடுத்து, இந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும், நான் உன் பேரில் சொன்ன வார்த்தை எதுவானாலும் என் தலையோடு போகட்டும், உன்னைத் தொட வேண்டாம். இது அம்மா உன் நெற்றியில் கை வைத்துச் சொன்னதாக நினைத்துக்கொள். இப்படிக்கு உன் அம்மா தனலெட்சுமி.

அண்ணா, அம்மா மாவு வழிக்கப் போய்விட்டாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆகையால் இதை நான் என் மனதுக்குள் இருந்து எழுதுகிறேன். நான் மறுபடியும் ஆடமாட்டேன். முதல் தடவை ஆரம்பித்தது நான் என்று எழுதினேன், முடித்தது யார் என்று எனக்கே தெரியவில்லை, அந்த இடத்துக்கு இன்னொரு தரம் போக எனக்குத் தைரியம் இல்லை. அதோடு, அப்பா மறுபடியும் என் காலில் விழுவார், அதை என்னால் பார்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் ஆள் குறைவாக இருக்கும். அப்போது படுதாவுக்கு வெளியே வந்து அப்பாவுக்கு முன்னால் நின்று சொல்லப் போகிறேன். கோவிலில் பேசினது நான்தான் என்றும், கதவுக்குப் பின்னால் நின்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் நான்தான் என்றும், குண்டிக்காயும் நெஞ்சும் எந்த நிலையில் இருக்கிறது என்றும் சொல்லப் போகிறேன். கோபம் ஆகாது, திடுக்கிடக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நான் சொல்லும் சொல்லிலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன். சொல்லாவிட்டாலும் வியாழக்கிழமை மத்தியானம் இலை போட்டுவிடுவார்கள். இரண்டில் எது குறைந்த பயம் என்று ஏழு நாளாக நினைத்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே சொல்லப் போகிறேன். முத்துலிங்கம் மாமாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன், அவர் அழுதுவிட்டார், சரி என்றார்.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். அம்மா அடிக்கச் சொன்ன அந்த வரியை நீங்கள் எழுத வேண்டாம். எனக்காக இல்லை அப்பா, உங்கள் உயிருக்காக உப்பில்லாமல் சாப்பிடுங்கள் என்று எழுதுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார். இன்னொன்று, உங்களுக்குக் காய்ச்சல் ஆரம்பித்த தேதியை எழுதுங்கள். நான் கோவிலில் ஆடினது ஆகஸ்டு ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, அதற்கு முன்னாலா பின்னாலா, எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். பின்னால் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கப்பலில் வந்து உங்கள் கைக்குச் சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும். தந்தி என்றால் மறுநாளே வந்துவிடும் என்று முத்துலிங்கம் மாமா சொல்லியிருக்கிறார். ஆகையால் இதைப் படிக்கும்போது நடந்தது உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும், எனக்குத்தான் இன்னும் தெரியாது. தந்தி ஒன்றும் வராமல் இந்தக் கடிதம் மட்டும் வந்திருந்தால், அப்பா என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார், கை ஓங்கினார், பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்படுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
யோகேஸ்வரி.